சம்பந்தியம்மாள் கேட்ட கேள்வி

எங்கள் ஊர் அனுப்பர்பாளையத்துக்கு நீங்கள் வந்ததுண்டோ? வராவிட்டால் குற்றமில்லை. திருப்பூரிலிருந்து அவிநாசி போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். காதில் 'டங், டங்' என்று சுத்தியல் சத்தம் விழுகிற இடத்தில் இறங்கிவிடலாம். பித்தளைக் குடமும் செம்பு அண்டாவும் தட்டித் தட்டியே பேர் வாங்கின ஊர். இப்போது அந்தச் சத்தத்தோடு பனியன் கம்பெனிகளின் தையல் மிஷின் சத்தமும் சேர்ந்துகொண்டது. பித்தளை குறைந்து எவர்சில்வர் பெருகியது. ஆனாலும் தைப்பொங்கல் நெருங்கும்போது எங்கள் சந்தில் பேசுகிறவர்கள் இன்னும் கத்தித்தான் பேசவேண்டியிருக்கிறது. எங்கள் ஊர்ப் பெண்கள் சண்டைக்காரிகள் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதற்குக் காரணம் இதுதான், வேறொன்றுமில்லை.

அப்படிப்பட்ட சத்தத்துக்கு நடுவில், போன வருஷம் ஒரு நாள் காலை என் டெலிபோன் மணி அடித்தது. கோபிசெட்டிபாளையத்திலிருந்து சம்பந்தியம்மாள் பேசினார்.

"ஏனுங் சம்பந்தி, சந்தோஷமா இருக்கறீங்களா? உங்க பேத்தி குதிரையிலிருந்து விழுந்து எலும்பை முறிச்சுக்கிட்டாளாம். நீங்க கொடுத்த இடம்! இப்ப குளுந்துச்சுங்களா மனசு?"

டப்பென்று வைத்துவிட்டார். எனக்குக் கை கால் ஓடவில்லை. அவர் சொன்னதில் ஒரு வார்த்தை கூடப் பொய்யில்லை என்பதுதான் வேதனை. இடம் கொடுத்தவள் நான்தான். பணம் கொடுத்தவளும் நான்தான்.

எப்படிக் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டுமானால், கொஞ்சம் பின்னால் போகவேண்டும். கொஞ்சம் என்ன, அறுபது வருஷத்துக்குச் சற்றுக் குறைவு!

எனக்கு அப்போது 9 வயது. எங்கள் அய்யன் பாத்திரப் பட்டறை வைத்திருந்தார். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவுக்கு வண்டி நிறையச் சொம்பும் குடமும் ஏற்றிக்கொண்டு போய்க் கடை பரப்புவார். அந்தியூர்த் திருவிழா என்றால் சாமியை விடப் பிரசித்தம் அங்கே கூடுகிற குதிரைச் சந்தைதான். (சாமி கோபித்துக்கொள்ள மாட்டார், அவர் புண்ணியத்தில்தானே சந்தை!) திப்பு சுல்தான் காலத்திலிருந்து நடப்பதாக அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். காது நுனி இரண்டும் வளைந்து ஒன்றையொன்று தொடுகிற கத்தியவார்க் குதிரை, மார்வாரிக் குதிரை, நம் நாட்டுத் தட்டுவாணிக் குதிரை எல்லாம் வரும். மேளத்துக்குத் தகுந்தபடி கால் மாற்றி ஆடுகிற நாட்டியக் குதிரையும் வரும். அதைச் சுற்றித்தான் கூட்டம்.

எங்கள் கடைக்கு எதிரே ஒரு ராவுத்தர் பெரியவர் ஒரு வெள்ளைக் குட்டைக் குதிரையோடு நின்றிருந்தார். ராவுத்தர் என்ற பெயருக்கே குதிரை வீரர் என்றுதான் அர்த்தம் சொல்கிறார்கள். மூன்று நாள் நான் அந்தக் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்திருக்கிறார். "ஏறிக்கோ கண்ணு" என்று தூக்கி உட்கார வைத்துவிட்டார். அந்த உயரத்திலிருந்து சந்தை முழுவதும் தெரிந்தது. எல்லாருடைய முண்டாசும் தெரிந்தது. ஆண்பிள்ளைகளின் உச்சந்தலையைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை! குதிரை நாலு அடி வைத்தது. ஐந்தாவது அடிக்குள் அய்யன் வந்துவிட்டார். இறக்கினார், கன்னத்தில் ஒன்று வைத்தார். "பொட்டப் புள்ளைக்குக் குதிரை என்னத்துக்கு?" என்றார். அதற்குப் பிறகு என்னை அந்தியூருக்கு அழைத்துப் போகவேயில்லை.

அய்யன் கெட்டவர் அல்ல. எங்கள் வீட்டில் குதிரை என்ற சொல்லுக்கு இரண்டே அர்த்தம்தான் இருந்தது. ஒன்று, மாப்பிள்ளை அழைப்பு. இன்னொன்று, ரேஸ். எங்கள் பெரியப்பா ரேஸுக்குப் போய்ப் போய் ஒரு பட்டறையையே தொலைத்தவர். 1996-ல் சுப்ரீம் கோர்ட், குதிரைப் பந்தயம் வெறும் சூதாட்டம் அல்ல, திறமையைச் சேர்ந்த விளையாட்டு என்று தீர்ப்புச் சொன்னதாகப் பேப்பரில் படித்தபோது, எங்கள் பெரியம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அந்த ஜட்ஜ் வீட்டுச் சொத்து போகலை போலிருக்குது" என்றார். திறமை குதிரைக்கும் ஓட்டுகிறவனுக்கும் இருக்கலாம், பெரியப்பாவிடம் இல்லையே!

போகட்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் ஷார்ஜாவுக்குப் போனேன். என் மகளும் மாப்பிள்ளையும் அங்கே இருக்கிறார்கள். மாப்பிள்ளைக்குத் திருப்பூர்ச் சரக்கை அந்தப் பக்கத்துக் கடைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் வேலை. பேத்திக்கு வயது 13. புறப்படும்போது எனக்கு ஒரு நினைப்பு: அரபு தேசம், பெண்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள், நாமும் பேசாமல் உள்ளே இருந்து ரசம் வைத்துக் கொடுத்துவிட்டு வரலாம் என்று.

போன மூன்றாம் நாள் பேத்தி என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஊருக்கு வெளியே ஒரு குதிரைப் பயிற்சிப் பள்ளி. அவளுடைய பள்ளித் தோழி அங்கே பழகுகிறாளாம். மணல் பரப்பிய வட்டத்தில் எட்டுப் பத்துப் பெண்கள் குதிரை மேல் போய்க்கொண்டிருந்தார்கள். சிலர் தலையில் துணி கட்டி அதன் மேல் தொப்பி மாட்டியிருந்தார்கள். சிலர் வெறும் தொப்பி. எல்லார் முதுகும் எங்கள் ஊர்க் குத்துவிளக்கு மாதிரி நேராக இருந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

பக்கத்துப் பெஞ்சில் கறுப்பு அங்கி போட்ட ஒரு அரபுப் பாட்டியம்மாள் உட்கார்ந்திருந்தார். பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றி எனக்கும் ஒரு சின்னக் கிண்ணத்தில் கொடுத்தார். அதில் ஏலக்காய் இருந்தது, சர்க்கரை இல்லை. பேரீச்சம்பழத்தைக் கடித்துக்கொள்ள வேண்டும். பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் அரபு பாடம் உண்டு. அவள்தான் எங்கள் இருவருக்கும் துபாஷி.

அந்தம்மாள் சொன்னது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பாலைவனத்துக் குடிகள் குதிரையின் வம்சத்தைச் சொல்லும்போது தாய்வழியில்தான் சொல்வார்களாம். ஆண் குதிரையை விடப் பெண் குதிரைக்குத்தான் மதிப்பு. இரவிலே சத்தமில்லாமல் போய்ப் படையெடுக்க வேண்டுமானால் பெண் குதிரைதான் கனைத்துக் காட்டிக்கொடுக்காதாம். அதைக் கூடாரத்துக்குள்ளேயே குழந்தை குட்டிகளோடு கட்டி வைப்பார்களாம். "நீங்கள் ஏறியிருக்கிறீர்களா?" என்று கேட்கச் சொன்னேன். அந்தம்மாள் தலையை ஆட்டினார். "எங்கள் தாத்தா வைத்திருந்தார். எனக்கு ஏறக் கிடைக்கவில்லை. அதனால்தான் பேத்தி ஏறுகிற நாளெல்லாம் இங்கே வந்து உட்காருகிறேன்" என்றார்.

பேத்தி இதை மொழிபெயர்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் காப்பிக் கிண்ணத்தைப் பார்த்தேன்.

அப்புறம் அவர் எங்கள் ஊரில் பெண்கள் குதிரை ஏறுவதுண்டா என்று கேட்டார். 'இல்லை' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நல்ல வேளையாக வேலு நாச்சியார் வந்து காப்பாற்றினார். கணவனை இழந்து, காட்டிலும் கோட்டையிலும் மறைந்திருந்து, 1780-ல் சிவகங்கையை மீட்ட ராணியின் கதையைச் சொன்னேன். குதிரையேற்றமும் வாள் வீச்சும் சிறு வயதிலேயே கற்றவர் என்று நாம் கதையில் கேட்டிருக்கிறோமே! அந்தம்மாள் உடனே தன் பக்கத்துக் கதையை எடுத்தார்: கௌலா என்ற பெண், 7-ஆம் நூற்றாண்டில், முகத்தை மறைத்துக்கொண்டு குதிரையேறிப் போய்ச் சிறைப்பட்ட தன் அண்ணனை மீட்கப் போரிட்டாளாம். இரண்டு கிழவிகளும் ஆளுக்கொரு ராணியை எடுத்துவிட்டுக் கொண்டு அந்தி சாயும் வரை உட்கார்ந்திருந்தோம்.

நம் ஊருக்கும் அந்த ஊருக்கும் குதிரையால் பழைய சம்பந்தம் உண்டு என்பது பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது. மாணிக்கவாசகர் பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போய்த்தானே நரி பரியான கதை வந்தது! 13-ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோவும், பாண்டிய நாட்டுக்கு வருஷா வருஷம் கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இறங்கியதை எழுதி வைத்திருக்கிறார். வந்த குதிரைகளை வளர்க்கத் தெரியாமல் சாதம் வடித்துப் போட்டுச் சாகடித்தார்கள் என்றும் சேர்த்து எழுதிவிட்டார். விருந்தாளி எந்த ஜாதியானாலும் சோறு போட்டால் சரியாகிவிடும் என்பது நம்மவர்களின் ஆதிகாலத்து நம்பிக்கை போலும்.

அன்றிரவு பேத்தி மெதுவாக ஆரம்பித்தாள். "அம்மாயி, எனக்கும் கத்துக்கணும். அப்பாகிட்ட நீ சொல்லு."

மாப்பிள்ளை தங்கமானவர், ஆனால் தாய் சொல்லைத் தட்டாதவர். கோபிக்கு டெலிபோன் போயிற்று. சம்பந்தியம்மாள் மூன்று காரணம் சொன்னார். செலவு, அது முதல் காரணம். "நாளைக்கு எவன் கட்டுவான்?" என்பது இரண்டாவது. மூன்றாவதை மகனிடம் சொல்லவில்லை, என்னிடம் தனியாகச் சொன்னார்: "வயசுக்கு வந்த புள்ளைங்க, சம்பந்தி. குதிரையில குலுங்கினா கர்ப்பப்பைக்கு ஆகாதுங்க. அப்புறம் கல்யாணத்தன்னைக்கு ஏதாச்சும் பேச்சு வந்தா?"

வாசக சகோதரிகளே, இந்த மூன்றாவது காரணத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதே பேச்சை அந்த அரபுப் பாட்டியம்மாளின் வீட்டிலும் சொன்னார்களாம்! சர்க்கரை போடாத காப்பி முதல் எல்லாம் வேறாக இருக்கிற இரண்டு தேசத்தில் இந்த ஒரு பயம் மட்டும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது. நான் சும்மா விடவில்லை. திருப்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு லேடி டாக்டரை டெலிபோனில் பிடித்துக் கேட்டேன். "கர்ப்பமாக இருக்கும்போது ஏறக்கூடாது, விழுந்தால் ஆபத்து. மற்றபடி கர்ப்பப்பைக்கும் குதிரைக்கும் சம்பந்தமில்லை, அம்மா. கல்யாண விஷயம் சொன்னீர்களே, அந்த அடையாளம் பார்க்கிறதெல்லாம் மருத்துவத்தில் நிற்காது. சைக்கிள் விடுகிற பெண்ணை யாராவது கேட்கிறார்களா? ஆனால் தலைக்குத் தொப்பி இல்லாமல் ஏற விடாதீர்கள்" என்றார். நல்ல டாக்டர். சொல்ல வேண்டியதை மட்டும் சொன்னார்.

பேத்தியும் சும்மா இருக்கவில்லை. தினம் ஒரு பெண்ணின் கதையைக் கொண்டுவந்து என் காதில் போட்டாள். ஜோர்டான் ராஜாவின் மகள் ஹயா 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் குதிரை தாண்டினாராம். தன் குதிரைகளை ஏற்றிக்கொண்டு போகக் கனரக லாரி ஓட்டவே லைசென்ஸ் எடுத்தவராம். பிறகு 2006 முதல் 2014 வரை சர்வதேசக் குதிரை விளையாட்டுச் சங்கத்துக்கே தலைவி. லாரி ஓட்டிய ராஜகுமாரியை எனக்குப் பிடித்துவிட்டது.

அடுத்து சவூதியைச் சேர்ந்த தல்மா மல்ஹாஸ். 2010-ல் சிங்கப்பூரில் நடந்த இளைஞர் ஒலிம்பிக்கில் தடை தாண்டுவதில் வெண்கலம் வாங்கினாள். ஒலிம்பிக் போட்டி ஒன்றில் பதக்கம் பெற்ற முதல் சவூதிப் பெண். அப்போது அந்த நாட்டில் பெண்கள் கார் ஓட்டக்கூட முடியாது. அந்த உரிமை 2018-ல்தான் வந்தது. அரசாங்கப் பள்ளிகளில் பெண்களுக்கு விளையாட்டு வகுப்பு வைக்கப்போவதாக அறிவித்ததே 2017-ல். இந்த லட்சணத்தில் அந்தப் பெண் எப்படிக் குதிரை ஏறினாள் என்று கேட்டால், அவளுடைய தாயாரும் குதிரையேறுகிறவர்! ராஜகுமாரிக்கும் வசதியுள்ள வீட்டுப் பெண்ணுக்கும் கதவு திறந்தது சரி, மற்றப் பெண்கள் கதி என்ன என்று நான் கேட்டேன். பேத்திக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும்தான். இந்த விளையாட்டில் பணம் இல்லாதவளுக்கு இடம் குறைவு; அரபு நாடென்றாலும் கோயமுத்தூர் ஜில்லா என்றாலும் அதுதான் நிலைமை.

"நம்மூர்ப் பொண்ணு எவளும் இல்லையாடி?" என்றேன். இருந்தார்கள். சென்னையில் ரூபா சிங் என்று ஒருவர். பரம்பரையாகக் குதிரை பழக்குகிற குடும்பம். ஆண்கள் மட்டுமே ஜாக்கியாக இருந்த மைதானத்தில் இறங்கி 700-க்கும் மேற்பட்ட பந்தயங்களில் ஜெயித்தவர். 2023-ல் சீனாவில் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் 41 வருஷத்துக்குப் பிறகு இந்தியாவுக்குக் குதிரையேற்றத்தில் தங்கம் வந்ததே, அந்த நால்வர் குழுவில் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங் என்று இரண்டு பேர் பெண்கள். அது ஓட்டப் பந்தயம் அல்ல. குதிரையைச் சொன்னபடி கால் வைக்கச் சொல்லி நடக்கவைத்துக் காட்டுகிற போட்டி. அந்தியூர் நாட்டியக் குதிரைக்குக் கோட்டும் தொப்பியும் போட்ட மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! இந்த விளையாட்டில் ஆணும் பெண்ணும் தனித்தனி அல்ல. ஒரே மைதானம், ஒரே மார்க்கு.

ஆனால் என்னை விழத்தட்டியது வேறொருத்தி. கேரளத்துத் திரூர்ப் பெண் நிதா அஞ்சும். அரபு நாட்டில் வளர்ந்தபோது அங்கேயே குதிரையேற்றம் கற்றவள். 2023-ல் பிரான்ஸில் இளையவர்களுக்கான நெடுந்தூரக் குதிரையோட்ட உலகப் போட்டியில் 120 கிலோமீட்டரை முடித்தாள். அதை முடித்த முதல் இந்தியர் அவள். 120 கிலோமீட்டர் என்றால் அனுப்பர்பாளையத்திலிருந்து சேலம் பக்கம் போய்விடலாம். ஒரே நாளில், ஒரே குதிரையில்! அதில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கட்டத்துக்குக் கட்டம் குதிரையை நிறுத்தி மிருக வைத்தியர் நாடி பார்ப்பார். சற்று நேரத்துக்குள் நிமிஷத்துக்கு 64 துடிப்புக்குள் இறங்காவிட்டால் அவ்வளவுதான், போட்டியை விட்டு வெளியே. குதிரையை விரட்டி ஜெயிக்க முடியாது. அதைக் காப்பாற்றித்தான் ஜெயிக்கவேண்டும். நாலு பிள்ளை பெற்று, மாமியாரையும் பார்த்து, பட்டறை ஆளுக்கும் சமைத்துப் போட்ட எனக்கு இந்த விளையாட்டின் சூட்சுமம் சட்டென்று புரிந்துவிட்டது.

மறுநாள் மாப்பிள்ளையிடம் சொன்னேன். பட்டறைக் கட்டடத்தை வாடகைக்கு விட்டதில் என் கணக்கில் கொஞ்சம் சேர்ந்திருந்தது. ஒரு வருஷக் கட்டணத்தை நான் கட்டிவிட்டு ஊர் திரும்பினேன். சம்பந்தியம்மாளிடம் சொல்லவில்லை. அதுதான் நான் செய்த தப்பு. சொல்லியிருக்க வேண்டும், சண்டை போட்டாவது சொல்லியிருக்க வேண்டும்.

எட்டாம் மாதம் விழுந்தாள். முழங்கால் உயரக் கட்டைதானாம். குதிரை கடைசி நொடியில் 'மாட்டேன்' என்று நின்றுவிட, இவள் மட்டும் அந்தப் பக்கம் போய் விழுந்திருக்கிறாள். தொப்பி கீறியது, தலைக்கு ஒன்றுமில்லை. தோளுக்கு முன்னாலிருக்கிற காறை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கையைத் தொட்டிலில் போட்டாள்.

அந்த ஆறு வாரமும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ராத்திரி படுத்தால் அய்யன் வந்து நிற்பார், "அன்னைக்கே சொன்னேனல்ல?" என்பார். என் ஆசையை அந்தக் குழந்தையின் முதுகில் ஏற்றிவிட்டேனோ? கன்னத்தில் வாங்கிய ஒரு அறைக்கு அறுபது வருஷம் கழித்துப் பேத்தியின் எலும்பால் வட்டி கட்டினேனோ? டெலிபோனில் அவளிடம், "போதும் சாமி, விட்டுடு. வீணை கத்துக்கலாம்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அம்மாயி, அந்தக் குதிரை பயந்துபோச்சு. கட்டையைப் பார்க்கிறதுக்கு நான் அதுக்கு நேரம் கொடுக்கலை. தப்பு என் மேலதான்" என்றாள். வீணையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அதே வாரத்தில் அவள் ஒரு படம் அனுப்பினாள். டென்மார்க் தேசத்து லிஸ் ஹார்டெல். 1944-ல் இளம்பிள்ளைவாதம் வந்து முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலற்றுப் போய்விட்டன. அப்போது அவள் பிள்ளைத்தாய்ச்சி. 1952-க்கு முன்னால் ஒலிம்பிக் குதிரையேற்றம் ராணுவ அதிகாரிகளுக்கு மட்டும்தான். அந்த வருஷம் ஹெல்சிங்கியில் முதல் முதலாகப் பெண்களை விட்டபோது, மற்றவர்கள் தூக்கிக் குதிரை மேல் உட்கார வைத்த இந்தப் பெண் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளி வாங்கினாள். 1956-லும் வாங்கினாள். படத்துக்குக் கீழே பேத்தி எழுதியிருந்தாள்: 'அப்பத்தாவுக்கும் அனுப்பிட்டேன்.'

கோபியிலிருந்து பதில் இல்லை.

ஜூலையில் அந்த ஊர்ப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. பேத்தி வந்து இறங்கினாள். கை நன்றாகக் கூடிவிட்டது. ஆடி மாதம். அந்தியூர்த் திருவிழா. கோபியிலிருந்து எத்தனை தூரம்! "நான் பார்க்கணும்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். சம்பந்தியம்மாள் தனியாக அனுப்ப மாட்டேன் என்றார். ஆக மூன்று பேருமாகக் கார் வைத்துக்கொண்டு போனோம். வழியெல்லாம் சம்பந்தியம்மாள் என்னோடு பேசவில்லை. டிரைவரோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

சந்தை அப்படியே இருந்தது. தூசி, சாணி நாற்றம், மேளம், கரும்புச் சாறு. பாத்திரக் கடையில் பிளாஸ்டிக் குடம் தொங்கியது, அது ஒன்றுதான் புதிது. பேத்தி ஒவ்வொரு குதிரையிடமும் பக்கவாட்டில் போய், முதலில் முகர்ந்து பார்க்கப் புறங்கையை நீட்டி, பிறகுதான் கழுத்தைத் தொட்டாள். ஒரு சிவப்புப் பெண் குதிரையின் கடிவாளம் வாயோரத்தை அறுத்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு வியாபாரியிடம், "அண்ணா, இதைக் கொஞ்சம் தளர்த்துங்க, புண்ணாயிருக்குது" என்றாள். அந்த ஆள் அவளை மேலும் கீழும் பார்த்தான். தளர்த்தினான். குதிரை தலையைத் தாழ்த்தி அவள் தோள் மேல், அதே முறிந்த பக்கத்துத் தோள் மேல், மோவாயை வைத்து மூச்சு விட்டது.

"பாப்பாவுக்குப் பழக்கம் உண்டா? வேணும்னா ஒரு சுத்து ஏறட்டுமுங்க. சாதுவான குதிரை" என்றான்.

பேத்தி எங்களைப் பார்த்தாள். நான் வாய் திறக்கவில்லை. இந்தத் தடவை நான் சொல்லக்கூடாது என்று வைராக்கியம். சம்பந்தியம்மாள் குதிரையைப் பார்த்தார், அந்த வாய்ப் புண்ணைப் பார்த்தார், பேத்தியின் தோளைப் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தத் தொப்பி கொண்டாந்தயா கண்ணு?" என்று கேட்டார்.

காரில் இருக்கிறது என்று அவள் ஓடினாள்.